நான்கு பேருக்கான தண்ணீர்

லோத்குண்டா
12.6.2007

சுதர்சனுக்கு,

"அன்புள்ள" என்று ஆரம்பித்த தாளைக் கிழித்துவிட்டேன்.

உன் அப்பா என் பெயரில் வாங்கிய ஷாமீர்பேட்டை மாட்டுக்கொட்டகையை வீடாக்கப் போவதாகவும், அதில் எனக்கும் ஓர் அறை உண்டு என்றும் சொல்லித்தான் அதை உன் பெயருக்கு எழுதித் தரக் கேட்டாய். நேற்று உன் ஆர்க்கிடெக்ட் மேகலா வரைபடத்தோடு வந்தாள். பழைய கல்சுவரையும் தேக்கு உத்தரங்களையும் அப்படியே வைத்திருக்கிறாள். கெட்டிக்காரப் பெண். மழைநீர்த் தொட்டியைக் காட்டி, "நாலு பேருக்கு வருஷம் பூராவும் தாங்கும், ஆன்ட்டி" என்றாள்.

"என் மகன் குடும்பமே நாலு பேர். நான் ஐந்தாவது ஆள்" என்றேன்.

"நீங்க முதியோர் இல்லத்துக்குப் போறீங்கன்னு சார் சொன்னாரே?" என்றவள், என் முகத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

முப்பது வருஷம் வகுப்பில் பெயர் கூப்பிட்டவள் நான். பதிவேட்டில் இல்லாத பிள்ளை வந்து நின்றால், பெயரை எழுதிக்கொண்டு உட்காரவைப்பேன். நீ உன்னைப் பெற்றவளையே விட்டுவிட்டாய்.

எழுதித் தர மாட்டேன். வீட்டை எனக்காகவே கட்டச் சொல்லி மேகலாவிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வேலை ஆரம்பம். பண்டிகைக்கு நீங்கள் வரலாம். என்னைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

அம்மா