நடுப்புள்ளியில் நின்ற மணி

பிப். 10, திங்கள்
பனி. பத்து மணி வரை விலகவில்லை. சிக்னல் தண்ணீர் டேங்க் மேட்டில் மட்டும். லேப்டாப், குடை, பாய் சகிதம் ஏறினேன். மலைக்குக் கீழே, யுனிவர்சிட்டி லேபில் கூடப் படிக்கும் நித்யா சாம்பிளை வைத்துக் கொடுப்பாள், மற்றதெல்லாம் நான் இங்கிருந்து நெட் வழியாக. ஹோலோகிராம் என்கிற ஒளிக்கோலத்தை லேப்டாப்பில் போட்டால் லேசர் நான் சொன்ன இடத்தில் குவிந்து, தண்ணீரில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத நுண்மணியைப் பிடித்துக்கொள்ளும். ஒளியைக் குறைக்கக் குறைக்க மணி எவ்வளவு நடுங்குகிறது என்று அளக்க வேண்டும். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம். மே மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.

அப்பா, மிளகு பறிக்க ஏறி விழுந்தவர், இன்னும் படுக்கையில். அம்மாவும் நானும் இருபுறமும் பிடித்தால்தான் எழுகிறார்.

பிப். 11, செவ்வாய்
ஒளி பாதி. மணி அசையவே இல்லை! நல்ல பிடி. கைடு சாருக்கு மெசேஜ். பதில்: கட்டைவிரல்.
வாங்க: தைலம், து.பருப்பு, டேட்டா பேக்.
பறிக்க ஆளில்லாமல் மிளகு பாதி கொடியிலிருந்தே உதிர்கிறது. பார்க்காத மாதிரி மேட்டுக்குப் போகிறேன்.

பிப். 12, புதன்
தோள்பட்டை வலி. தூக்கம் போதவில்லை.
அப்பா: "புடிச்ச எடத்துலயே நிக்குதா கண்ணு?"
"நிக்குதுங்கப்பா."
"கெட்டிக்காரி."

பிப். 13, வியாழன்
அளந்து முடிந்தது. மணியை விட்டுவிடலாமென்று, லேசரை அப்படியே விட்டு ஹோலோகிராமை மட்டும் அணைத்தேன். போனில் நித்யா: "அணைச்சியா?"
"அணைச்சாச்சு."
"போகலடி. அங்கயே நிக்குது."

ஹோலோகிராமுக்கு அடங்காத மிச்ச ஒளி எப்போதும் நடுவில் ஒரு புள்ளியாக விழும். அதைச் சின்னத் தகடு வைத்து மறைப்போம். லென்ஸ் துடைக்கும்போது எடுத்த தகட்டை நித்யா திரும்ப வைக்கவில்லை. மணியைப் பிடித்திருந்தது அந்த மிச்ச ஒளி. என் புள்ளி பக்கத்தில் சும்மா இருந்திருக்கிறது. இங்கே வரும் மங்கல் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அளக்குமுன் ஒருமுறை அணைத்துப் பார்ப்பதுதான் வழக்கம். சிக்னல் போய்விடுமென்ற அவசரத்தில் ஒரு நாளும் பார்க்கவில்லை. வாரம் முழுக்கச் செய்தது குப்பை. நித்யா அழுதாள். எனக்கு அழவும் தெம்பில்லை.

பிப். 14, வெள்ளி
சார் திட்டவில்லை. "நாளைக்கும் மெஷின் தர்றேன், நேர்ல வந்து திரும்ப அளந்து எடுத்துருங்க. விட்டா ஜூன்லதான்."
வீட்டில் சொன்னேன்.
அப்பா: "அப்ப இத்தன நாளும் நீ புடிக்கவே இல்லையா?"
"இல்லீங்கப்பா."
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

அம்மா: "மொத பஸ்ஸுக்குப் போ சாமி. நான் ஒருத்தியே தூக்கிருவேன்." தூக்கியும் காட்டினாள். பாதியில் கை நழுவியது.
அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்கு ஒண்ணுமில்ல, நீ போ கண்ணு" என்றார். தரையில் கிடந்தபடி.

இருவருமாகத் தூக்கிப் படுக்க வைத்தோம். மேட்டுக்குப் போய் சாருக்கு எழுதினேன்: வரவில்லை.