கொத்தில் சேராத மூன்று

மார்ச் 4
பேத்தியின் ஆராய்ச்சிக் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்களாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தைக்கக் கொடுத்த துணியை வாங்கப் போன இடத்தில் தையல்காரியிடமும் சொல்லிவிட்டேன். ஒரு நட்சத்திரக் கொத்து. எல்லாம் ஒரே புகைமேகத்தில் கூடப் பிறந்தவை. அதனால் எல்லாவற்றிலும் இரும்பு ஒரே அளவுதான் இருக்கணும். இவள் பார்த்ததில் மூன்றில் மட்டும் அதிகம்!
“அங்க யாரு போய் எடை போட்டா?” என்றாள் தையல்காரி.
“வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தா தெரியும்டீ.” ஏதோ நானே பிரித்தமாதிரி.

மார்ச் 9
ஏன் சிவந்து வீங்கின கிழட்டு நட்சத்திரங்களையே பார்க்கிறாய் என்று கேட்டேன்.
“அதுங்கதான் பாட்டி பளிச்சுனு இருக்கும். சின்னதெல்லாம் அவ்வளவு தூரத்துல சிக்காது.”
“நானும் கிழடுதான், என்னையும் பாரேன்.”
“உனக்கு இரும்பு கம்மி. ஒழுங்கா மாத்திரையை முழுங்கு.”

மார்ச் 21
கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடவில்லை.

மார்ச் 22
அந்த மூன்றும் கொத்தைச் சேர்ந்தவையே இல்லையாம். அதே திசையில், நமக்குக் கிட்டத்தில் நிற்கின்றனவாம். புது அளவுகளில் தூரமும் வேறு, ஓடும் வேகமும் வேறு.
“பஸ் ஸ்டாப்புல ஒரு குடும்பம் நிக்குது. முன்னாடி மூணு பேர் வந்து நின்னா அவங்களும் அந்தக் குடும்பமா? நான் அப்படித்தான் எழுதி வெச்சிருக்கேன்.”
அவளுடைய பேராசிரியர், “அச்சில வரட்டும், யார் பார்க்கப்போறா” என்கிறாராம். கட்டுரையைத் திரும்ப எடுத்தால் அடுத்த வருஷ வேலையும் போய்விடும். கட்டுரையை நம்பித்தானே கொடுத்தார்கள்.
அஞ்சாம் வகுப்புக்காரி நான் என்ன சொல்ல? டீ போட்டுக் கொடுத்தேன். ஆறிப்போனது. இன்னொன்று போட்டேன். அதுவும்.

மார்ச் 25
“எடுத்துடவா பாட்டி?”
என்னைக் கேட்கிறாள்! விட்டுத்தொலைடீ, யாருக்குத் தெரியப்போகுது — நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. எடு என்றும் சொல்ல முடியவில்லை. கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஏப்ரல் 2
எடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 11
தையல்காரி கேட்டாள், “பேத்தி கண்டுபிடிச்சது தப்பாமே?”
“தப்புன்னு கண்டுபிடிச்சதும் அவதான்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 4
நாளை முதல் அவளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அந்த நட்சத்திரக் கொத்தின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். கேட்டு வாங்கி என் கட்டிலுக்கு மேலே ஒட்டிக்கொண்டேன். அந்த மூன்று புள்ளிகளையும் பென்சிலால் அடித்திருக்கிறாள்.
இன்று நானாகவே மாத்திரை போட்டுக்கொண்டேன். அவள் காதில் விழட்டும் என்று தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தேன். அவள் பாட்டுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.