கை ஆடவில்லையாம்

ஜூன் 4
எழுத்து முத்து முத்தாக விழுகிறது. பார்க்கப் பார்க்க எரிச்சல்.

கை நடுக்கத்தை அடக்கத் தலைக்குள் வைத்த கம்பிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டி, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஐந்து வருடம் உழைத்துத் தீர்ந்துபோனது. போன வாரம் புதுப் பெட்டி வைத்தார்கள். பழைய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டார். புதியவர் அவர் வைத்திருந்த மின்சார அளவைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஏத்தினா நடுக்கம் சுத்தமா நின்னுடும்மா" என்றார். ஏற்றினார். நின்றது. கூடவே நாக்கும் தடித்துப்போனது.

யாருக்கு வேண்டும் இந்தக் கை? நான் ஏலம் விடுகிறவள். வாய்தானே என் பிழைப்பு?

ஜூன் 6
"கை ஆடவே இல்லையே!" — மகள், நாத்தனார், எதிர்வீட்டுக்காரர், எல்லாருக்கும் ஒரே பாட்டு. நான் தண்ணீர் கேட்டால் ஒருவருக்கும் புரிவதில்லை. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

நாத்தனார் என் வீட்டுக்காரர் காதில் சொன்னாள்: "வீடு எவ்வளவு அமைதியா இருக்குண்ணா!" இவர் சிரித்தார். சிரித்தார்! எனக்கு நாக்குதான் போயிருக்கிறது, காது போகவில்லை.

ஜூன் 8, சனி
ஏலக்கூடம். ஒரே ஒரு பழைய மேஜை. "ஒரு தரம்" என்று சொல்வதற்குள் வாய் குழறியது. பின்வரிசையில் ஒருவன், "காலையிலேயேவா?" என்றான். நான் குடித்திருக்கிறேனாம்.

முன்பெல்லாம் கை ஆடி, சுத்தியல் இரண்டு தடவை தட்டிவிடும். "அக்கா, எந்தத் தட்டு கணக்கு?" என்று கேலி செய்வார்கள். நானும் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பேன். இன்று நாக்கு புரளவில்லை.

முதலாளி சுத்தியலை வாங்கித் தன் மச்சானிடம் கொடுத்தார். "ரெஸ்ட் எடுங்கக்கா. மாசக் கடைசி பெரிய ஏலத்த இவன் பாத்துப்பான். சரியா வந்தா இவனே தொடரட்டும்."

அவனா? தேக்குக்கும் பிளைவுட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன்!

ஜூன் 11
ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். "ஹலோ? சரியா கேக்கலைங்க" என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள். பேச வரலைன்னு சொல்லவே பேச வரலை. நான் யார்கிட்ட போய் சொல்றது?

ஜூன் 13
இவரோடு ஆஸ்பத்திரிக்கே போனேன். டாக்டர் மூக்கைத் தொடச் சொன்னார். சுருள் வரையச் சொன்னார். டம்ளரில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். எல்லாம் கைக்குத்தான். பிறகு இவரைப் பார்த்து, "அம்மா எப்படி இருக்காங்க?" அம்மா எதிரில்தான் குத்துக்கல்லாக உட்கார்ந்திருக்கிறேன்!

"சூப்பர் சார். கை ஆடவே இல்ல" என்றார் இவர்.

வந்ததே கோபம்! டாக்டர் மேஜையில் இருந்த கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து ஏலம் விட ஆரம்பித்தேன். நூறு, நூற்றைம்பது — எல்லாம் கொழகொழவென்று வந்தது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப்போட்டார்.

"நிறுத்தாதீங்க. சொல்லிட்டே இருங்க."

அளவை மாற்றும் கருவியை என் நெஞ்சருகே பிடித்து, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். கடிகாரம் கையில் ஆடத் தொடங்கியது. நாக்கு இளகியது. டாக்டர் மறுபடி இவர் பக்கம் திரும்பினார்.

"கை லேசா ஆடுதே. பரவாயில்லையா?"

"என்னைக் கேளுங்க டாக்டர்! மண்டை என்னோடது!"

ஒரு எழுத்துகூடக் குழறவில்லை. டாக்டர் முகம் சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்குங்கம்மா, முதல்லயே உங்களைத்தான் கேட்டிருக்கணும்" என்றார். வீட்டு ரிமோட்டில் இரண்டு அளவு வைத்துத் தந்திருக்கிறார். ஒன்று பேச்சுக்கு, இன்னொன்று கைவேலைக்கு.

ஜூன் 29, சனி
முதலாளியிடம் பேசிக் காட்டிச் சுத்தியலைத் திரும்ப வாங்கினேன். பெரிய ஏலத்தை நான்தான் விட்டேன். சுத்தியல் இரண்டு தடவை தட்டியது. கேலி செய்தார்கள். வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மச்சான் சாமான் தூக்கினான்.

இந்தப் பக்கம் முழுக்கக் கோழிக் கிறுக்கல். ரிமோட்டில் மாற்றினால் முத்து முத்தாக வரும். இப்போது முடியாது. அடுத்த அறையிலிருந்து இவர், "நான் அன்னிக்கு ஒரு தடவை சிரிச்சதை இன்னுமா பிடிச்சுட்டு இருக்க?" என்று கேட்கிறார்.

பதில் சொல்ல வேண்டும்.