வாடகை அரண்மனை

அண்ணே,

இன்று காலை இன்சீனில் உங்கள் தெருவுக்குள் நுழைந்ததுமே பச்சைப் பெயின்ட் வாடை மூக்கைப் பிடித்து இழுத்தது. உங்கள் வீட்டு இரும்புக் கதவுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்குத் தீபாவளி நீங்களே கைலியை மடித்துக் கட்டி உட்கார்ந்து அடித்த கதவு. வீட்டை வாங்கியவர் இப்போது ஆள் வைத்து அடிக்கிறார். நான் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி, கடன்காரனைக் கண்டவன் மாதிரி நடந்து வந்துவிட்டேன்.

அந்தக் கதவைப் பற்றி நான் கட்டிவிட்ட கதைகள் கொஞ்சமா? உங்கள் வீட்டுக்குள் ஒரு கொசு நுழையவேண்டுமென்றாலும் அது தன் பாட்டன் பெயர், பிறந்த குட்டை, கடைசியாகக் கடித்த ஆள் எல்லாவற்றையும் ஒப்பித்தாக வேண்டும் என்று பர்மியர் தேநீர்க் கடையில் அறிவித்தவன் நான். எல்லைக் காவல் மந்திரி என்று உங்களுக்குப் பட்டம் சூட்டியவனும் இந்த மகா பிரபுதான். ரயில்வே பட்டறையில் இரும்போடு பழகிப் பழகி மனுஷனுக்கு மூளையும் இரும்பாகிவிட்டது என்றேன். நீங்கள் தேநீரை ஊதிக் குடித்தபடி சிரித்தீர்கள்.

"நாட்டுக்கு வாசல் வேணும், வாசல்ல ஆள் வேணும். வர்றவனை யாருன்னு கேக்குறது அவமானம் இல்லப்பா, மரியாதை" என்பீர்கள். காட்டு வழியாகத் தாய்லாந்துக்குப் போகிற பிள்ளைகளைப் பார்த்தால் உங்களுக்கு ஆத்திரம் வரும். தாள் இல்லாமல் போகிறவனை அங்கே யாரும் ஆளாக மதிக்கமாட்டான், அவன் விட்டுப் போன குழந்தையை இங்கே யாரும் மதிக்கமாட்டான் என்று சண்டைக்கே நிற்பீர்கள். நானோ எல்லைகளற்ற அகில உலகத்தின் சக்கரவர்த்தி. கதவே இல்லாத பூமி வேண்டும், என் வீடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று மேசையைத் தட்டுவேன்.

"எது உன் வீடு?" என்று கேட்பீர்கள்.

அதுதான் எனக்குப் பிடிக்காத கேள்வி. நகர நடுவே பபேடானில் வருஷ ஒப்பந்தத்தில் குடியிருக்கும் மேல்மாடி. ஏறி முடிப்பதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிடும், தேவலோகம் அடுத்த மாடியில் என்று அதையும் பெருமையாகத்தான் சொல்வேன். கையில் நாலு காசு இருந்த காலத்தில் ஒரு சின்ன அறையாவது சொந்தமாக வாங்கச் சொல்லி நீங்கள் தொண்டை வற்றப் பேசினீர்கள். ஒரு நாள் பொறுக்காமல், "வாடகை வீட்டுல இருக்குறவன் விருந்தாளிடா. விருந்தாளி இன்னொரு விருந்தாளியைக் கூப்பிட முடியாது" என்றீர்கள். அதையும் நடித்துக் காட்டிக் கடையைச் சிரிக்க வைத்தேன்.

பிறகு மீனா வந்தாள். எல்லையோர ஊரில் குண்டு விழுந்து, தாயோடு ஓடி வந்த குழந்தை. உறவும் இல்லை, தெரிந்தவர்களும் இல்லை. கோயிலில் யாரோ கைகாட்டிவிட, தாயும் மகளும் உங்கள் பச்சைக் கதவின் முன்னால் நின்றார்கள். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். மந்திரி கொசுவையே விடமாட்டார், இவர்களையா விடப்போகிறார் என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தேன். நீங்கள் எல்லாம் கேட்டீர்கள். பெயர், ஊர், தகப்பன் எங்கே, என்ன சாப்பிட்டீர்கள். கேட்டு முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, வீட்டில் தங்குகிறவர்களைப் பதிகிற வார்டு அலுவலகத்துக்குப் போய், இந்தக் குழந்தை என் வீட்டில் இருக்கிறாள், இவளுக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அகில உலகச் சக்கரவர்த்தி அப்போது மரத்தடியில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

தாய் சொல்லாமல் ஒரு நாள் காட்டு வழியாகத் தாய்லாந்துப் பக்கம் போய்விட்டாள். அவளைத் திட்டியபடியே மகளுக்குச் சோறு பிசைந்து கொடுத்தீர்கள்.

மழைக்காலத்தில் நீங்கள் கண்ணை மூடினீர்கள். மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தான், வீட்டை விற்றான், அண்ணியைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். மீனாவிடம் பாஸ்போர்ட்டும் இல்லை, பிறந்ததற்கு ஒரு தாளும் இல்லை. உங்களுக்குப் பிடித்த அதே வாசல்தான் அவளைத் தடுத்தது. அண்ணி அழுதார்கள். கோயில்காரர் ஒருவர் வீட்டில் மீனாவுக்குத் தற்காலிகமாகப் படுக்கை கிடைத்தது.

அங்கேதான் அவள் என்னைக் கேட்டாள். "மாமா, நான் உங்க வீட்டுக்கு வரலாமா?"

அண்ணே, என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். என் வீடு சாதாரண வீடா, அரண்மனை அல்லவா, தளபதி, புரோகிதர், அமைச்சர்கள் என்று அத்தனை பேரையும் கூட்டிச் சபையில் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சரியென்று தலையை ஆட்டினாள். நானும் தப்பித்தேன் என்று ரயிலேறிவிட்டேன்.

அடுத்த முறை கோயிலுக்குப் போனபோது ஓடி வந்தாள். "அமைச்சருங்க என்ன சொன்னாங்க, மாமா?"

அவள் நிஜமாகவே காத்திருந்திருக்கிறாள். பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்று எத்தனையோ தடவை முழங்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் உண்மையில் வேண்டிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னதும் என் மனைவி பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "உங்க வாய்க்கு மட்டும்தான் பட்டா இருக்கு. போய் அந்தம்மாவைக் கேளுங்க" என்றாள். அந்தம்மா என்றால் கீழ்மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி, டோ ச்சோ. நரைத்த மீசையோடு அவர் முன்னால் கை கட்டி நின்றேன். யார் பெண், தாய் எங்கே, தாள் உண்டா, எத்தனை நாள் என்று கேட்டார். நீங்கள் அன்று கேட்ட கேள்விகள்தான். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீடு, அவர் கேட்கிறார். ஒரு பதிலிலும் என் வீடு என்று சொல்ல எனக்கு வழியில்லை என்பதுதான் வெட்கம்.

கடைசியில், "சித்திரைத் தண்ணித் திருவிழா வரைக்கும் இருக்கட்டும், ஊலே" என்றார். பர்மியில் மாமா என்று மரியாதையாகத்தான் சொன்னார். "அப்புறம் என் மகன் வர்றான். உங்களுக்கே வீடு தர முடியாது."

வார்டு அலுவலகத்துக்குப் போனேன். என்ன உறவு என்று கேட்டார்கள். ஒரு பொய்யும் வரவில்லை. உறவில்லை, பொறுப்பு நான் என்றேன்.

மீனாவை ரயிலில் அழைத்து வந்தோம். படியேறி மூச்சு வாங்க உள்ளே வந்தவள் சுற்றிப் பார்த்தாள். ஓர் அறை, ஒரு ஜன்னல். அமைச்சர்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, "பிரிக்கட்டுமா, மாமா?" என்றாள்.

என் வாழ்நாளில் முதல் தடவையாக இருக்கிறதை இருக்கிறபடி சொன்னேன். பிரிச்சுக்கோ, திருவிழா வரைக்கும் இங்கே இருக்கலாம், அப்புறம் எங்கே போனாலும் மூணு பேரும் சேர்ந்து போவோம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பாதித் துணியை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தாள். மீதியைப் பையிலேயே விட்டுப் பொத்தானைப் போட்டாள்.

அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அண்ணே. காலையில் எழுந்து முகம் கழுவப் போகிறவன், அதைத் தாண்டித்தான் போகிறேன்.