ஆமைக் குஞ்சின் கையில் விளக்கு

பங்குனி 3, செவ்வாய்

குழந்தைகள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான் வரைந்த ஆமைக் குஞ்சின் கையில், என்னைக் கேட்காமல் பதிப்பகத்தில் ஒரு விளக்கைக் கொடுத்துவிட்டார்கள். கதையே இருட்டுக்குப் பயப்படும் குஞ்சைப் பற்றியது. அதன் சிநேகிதன் நண்டு கூடவே நடந்து, இருட்டாக இருந்தால்தான் கடல் இருக்கும் பக்கம் தெரியும் என்று காட்டுகிறது. குப்பத்துப் படகுகளுக்குப் பெயர் எழுதி எழுதியே படம் போடக் கற்றவன் நான். அந்தக் கடைசிப் பக்கத்துக்கு மட்டும் ஒரு மாதம் ஆனது.

அடையாறில் பதிப்பக அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். எடிட்டர் கவிதா சிரித்தாள். "பக்கம் ஃபுல்லா கருப்பா இருந்தா குழந்தைங்க பயப்படுவாங்க அங்கிள். சின்ன லைட்டுதானே?"

"அந்த லைட்டுதாம்மா கொல்லுது. கரையில லைட்டு எரிஞ்சா, அத்த கடல்னு நெனச்சுக்கினு குஞ்சு ரோட்டுக்குப் பூடும்."

"ஆமையா அங்கிள் புக்கு படிக்கப் போகுது?"

"படிக்கிற புள்ள டார்ச் எடுத்துக்கினு பீச்சுக்கு வருமே!"

நாளை புத்தகம் அச்சுக்குப் போகிறது.

கண்ணை மூடினால் குஞ்சும் நண்டும் ஈர மணலில் மெல்ல இறங்குகின்றன. விளக்கே இல்லாமல் அலையின் நுரை தானாக வெளுத்து, அவை போகிற வழி முழுக்கப் பரவுகிறது. அந்த வெளுப்பை என் படத்தில் நான் வரையாமல் விட்டிருக்கிறேன்.

காலையில் கவிதா அச்சை நிறுத்த வேண்டும். கம்ப்யூட்டரில் விளக்கைப் போட்டவரே அதை அழிக்க வேண்டும். நுரையில் கொஞ்சம் வெள்ளை நான் வைக்க வேண்டும், அதற்கு மேல் முடியாது. அப்புறமும் குழந்தை பயந்தால், படித்துக் காட்டுகிறவர்கள் அதன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.