பாட்டுக்குக் கீழே சின்ன எழுத்து

மெம்பிஸ்
அக்டோபர் 20, 1955

அன்பு மகள் எர்லீனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் ஹேட்டி அத்தையும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அவள் முழங்கால்தான் மழைக்கு முந்தியே முனக ஆரம்பித்துவிடுகிறது. நியூயார்க் குளிரில் நீ தொண்டையை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நீ சொன்னபடி செய்தேனா இல்லையா என்று நகத்தைக் கடித்துக்கொண்டிருப்பாய். பொறு, எல்லாம் சொல்கிறேன், பாதியில் கசக்கிப் போடாதே.

உன் பாட்டு நாட்டிலேயே முதலிடம் என்பது, போன வாரம் நான் வேலை பார்க்கும் வீட்டில் துணி தேய்க்கும்போது தெரிந்தது. அந்த வீட்டு மிஸ் கரோல், உன் பாட்டையே ஒரு வெள்ளைக்காரப் பெண் பாடிய இசைத்தட்டைக் காலையிலிருந்து ஓடவிட்டுக்கொண்டிருந்தாள். நம் கறுப்பு ஆட்களின் பட்டியலில் உன் தட்டு ஏழாவது, அவர்கள் பட்டியலில் அவள் தட்டு முதலாவது. நீ மூச்சு இழுக்கும் இடத்தில்கூட அப்படியே மூச்சு இழுத்திருக்கிறாள். போகட்டும், அது நம் பாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் நடக்கிறதுதான். தூசி தட்டுகிற சாக்கில் தட்டை எடுத்து, நடுவிலுள்ள வட்டக் காகிதத்தைப் படித்தேன். பாட்டுப் பெயருக்குக் கீழே, எழுதியவர் பெயரைப் போடும் சின்ன எழுத்தில் இரண்டு பெயர்கள். ஒருவர் அதை ரேடியோவில் போடுகிறவர், இன்னொருத்தி உன் இசைத்தட்டுக் கம்பெனி முதலாளியின் பெண்டாட்டி. உன் அப்பா ஆலையிலிருந்து வரும்வரை நான் தாழ்ப்பாள் போடாமல் காத்திருந்ததைத்தானே நீ பாட்டாக்கினாய், அதை அந்தப் பெண்பிள்ளை எங்கே நின்று பார்த்தாளாம்? வயிறு எரிந்தது, எர்லீன். இஸ்திரிப் பெட்டியை மறந்து நின்றதில் மிஸ் கரோலின் பாவாடை கருகிப்போனது, அதற்கு வேறு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம்தான் உன் கடிதம். இருபத்தொன்று ஆகிவிட்டது என்று பொய் சொல்லி, பாட்டை அவர்களுக்கே கொடுத்துவிட்டதாக நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பாட்டு உச்சிக்குப் போனதும் அவர்களுக்குப் பயம் வந்துவிட்டது, இருபத்தொன்று ஆகாதவள் கையெழுத்து செல்லாதே, வயதைப் பார்த்துவர ஆள் அனுப்புகிறார்கள். உனக்கோ பிறப்புச் சான்று கிடையாது, மருத்துவச்சி கையில் பிறந்த பிள்ளை, இருப்பது நம் பைபிளின் முதல் பக்கத்தில் நீ பிறந்த நாளை அப்பா எழுதிய ஒரு வரிதான். அதில் வருஷம் முப்பத்தாறைச் சுரண்டி முப்பத்துநாலு என்று எழுதிவிடு அம்மா, இல்லாவிட்டால் என்னைக் கச்சேரி பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள், ரேடியோக்காரர் பெயர் இல்லாமல் யாருடைய பாட்டும் ஏறாது, அடுத்த பாட்டு என் பெயரில் வரும் என்று எழுதியிருந்தாய். அடுத்த பாட்டுக்கு இன்னொரு அப்பாவுக்கு நான் எங்கே போவேன்?

நான் நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. செவ்வாய்க்கிழமை காலையில் பிளேடை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தேன். ஊர் பேர் தெரியாத இடத்தில் பெட்டியும் கையுமாக நீ தெருவில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. பிளேடை அந்த ஆறின்மேல் வைத்தும்விட்டேன். அப்பா ஆறு போட்டால் வால் பக்கத்து எழுத்துமேல் ஏறிக்கொள்ளும், நினைவிருக்கிறதா? இந்த வீட்டில் அவர் கை எழுதியதென்று மிச்சமிருப்பது அந்த ஒரு பக்கம். கை வரவில்லை.

நேற்று பத்து மணிக்கு அந்த ஆள் வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றி என்னை மிஸஸ் ப்ரூயிட் என்று கூப்பிட்டார். இந்த ஊரில் என்னை எந்த வெள்ளைக்காரர் அப்படிக் கூப்பிட்டிருக்கிறார்? அங்கேயே எனக்குத் திக்கென்றது. காப்பி பிரமாதம் என்றார், கேக்கையும் புகழ்ந்தார், பிறகு மெதுவாக, "உங்க மகளுக்கு இருபத்தொண்ணு ஆயிடுச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், பைபிளைக்கூட எடுக்க வேண்டாம்" என்றார். பார் மகளே, பொய்யை எவ்வளவு சுலபமாக்கிக் கொடுத்தார். நான் எழுந்துபோய் பைபிளை எடுத்துவந்து அவர் முன்னால் விரித்து வைத்தேன். அவர் விரலை வைத்துப் படித்தார். கப்பைத் தள்ளி வைத்தார். சட்டைப் பையிலிருந்து, பாட்டைக் கொடுக்கச் சம்மதம் என்று அடித்த வேறொரு தாளை எடுத்து, பத்தொன்பது வயதென்றால் தாயார் கையெழுத்து போதும் என்று பேனாவை என் கையில் வைத்து அழுத்தினார். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருக்கிறார். அதில் பாட்டை எழுதியவள் என்று என் மகள் பெயர் எங்கே என்று கேட்டேன். அவருக்கு முகம் மாறியது. "லவேடா, உன் பொண்ணு பொழப்புல நீயே மண்ணை வாரிப் போடுற" என்றார். அரை மணி நேரத்தில் நான் மிஸஸும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனாலும், "மண்ணைப் போட்டது யாருன்னு அந்தத் தட்டுலயே சின்ன எழுத்துல இருக்கு, சார்" என்று சொல்லிப் பேனாவை மூடிக் கொடுத்தேன்.

இந்நேரம் உன்னை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்களோ என்னவோ. திட்டுவதானால் திட்டு, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. நீ கொடுத்தது செல்லாது என்று நம் சபையில் ஊழியம் செய்யும், வக்கீலுக்குப் படித்த டீக்கன் ஹார்வெல் சொல்கிறார், அவர் உனக்குத் தனியாக எழுதுவார். அவரைக் கேட்காமல் இனி எதிலும் கை வைக்காதே. கர்த்தர் உன் வழியைக் காக்கட்டும், உன் குரலையும். சிவப்புக் கம்பளித் துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள். சின்ன எழுத்தில் உன் பெயர் போட்ட தாள் வரட்டும், அன்றைக்குச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரைக்கும் என் கையெழுத்து உனக்கு மட்டும்தான்.

உன் அம்மா,
லவேடா ப்ரூயிட்