அறுநூறு மீட்டரில் முதலாவதாக வந்தவள்

என் அன்புள்ள அப்பா,

நீங்கள் போய் இந்த மாதத்தோடு ஒரு வருஷம். நம் கோயில் பங்குப் பத்திரிகையில் நினைவஞ்சலிக்கு இடம் கேட்டேன். படமும் நாலு வரியும் போதும் என்றான் அண்ணன். எனக்கு நாலு வரி போதவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஞாயிறு பூசைக்கு நடந்தே போகிறார். நீங்கள் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டுக்கொண்டிருந்த மைதானத்தில் இப்போது செயற்கைத் தளம் வந்துவிட்டது. கோடெல்லாம் பெயின்ட், மழை பெய்தாலும் அழியாது. பார்த்திருந்தால் ஏதாவது நொட்டை சொல்லியிருப்பீர்கள்.

இன்னொரு செய்தி, நான் மறுபடி படிக்கிறேன். இத்தனை வருஷம் பி.டி. டீச்சராக விசில் ஊதியது போதாதென்று வார இறுதி வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். பண்டைய கிரேக்கத்திலும் ரோமாபுரியிலும் நடந்த விளையாட்டுகள் ஒரு தனிப் பாடம். ரோமாபுரித் தேர்ப் பந்தயத்தில் நிறத்துக்கு நிறம் கட்சி கட்டிக்கொண்டு அடித்துக்கொள்வார்களாம். அதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் படித்தேன்.

ஒலிம்பியா பாடத்தில்தான் சிரிப்பு நின்றது. போட்டிக்கு முன்னால் அங்கே ஒரு சடங்கு. இரண்டு கையிலும் இடி ஏந்திய சியூஸ் கடவுளின் சிலைக்கு முன்னால், வெட்டிய பன்றி இறைச்சியின் மேல், போட்டியில் எந்தத் தப்பும் செய்ய மாட்டோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஓடுகிறவன் மட்டும் இல்லை, அவனுடைய அப்பாவும் கூட நின்று சத்தியம் செய்ய வேண்டும். சிறுவர் பிரிவுக்கு வயது பார்க்கும் நடுவர்களுக்குத் தனிச் சத்தியம். அந்தக் காலத்தில் பிறப்புச் சான்றிதழ் ஏது, ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்திருப்பார்கள். 'அவனுடைய அப்பாவும்' என்ற இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று நெஞ்சில் காசம் வந்து இரண்டு வருஷம் வீட்டிலேயே கிடந்தேன். பள்ளியில் சேர்க்கும்போது, மற்ற பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள் என்று நீங்கள் இரண்டு வயது குறைத்து எழுதினீர்கள். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. சரியான தேதி ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

அப்புறம் அந்தப் போட்டி வந்தது. பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான அறுநூறு மீட்டர். முதலில் வருகிறவளுக்கு விளையாட்டு விடுதியில் ஒரே ஓர் இடம். காகிதத்தில் எனக்குப் பதின்மூன்று, உண்மையில் பதினைந்து. மேசையில் இருந்த அதிகாரி உங்களைத் தெரிந்தவர். வயது சரிதானே என்று கேட்டார். "கரெக்ட் சார்" என்றீர்கள். சுண்ணாம்புக் கையை வேட்டியில் துடைத்துத் துடைத்து படிவத்தில் அப்பா என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டீர்கள். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை. உங்களை மட்டும் சொல்லி என்ன?

கடைசி வளைவில் என்னோடு ஒட்டிக்கொண்டே வந்தவள் ஜீவனஹள்ளி கோமதி. இரண்டு எட்டு வித்தியாசத்தில் நான் முந்தினேன். நான் விடுதிக்குப் போனேன். அவள் பத்தாவதோடு நின்று, பீன்யா தொழிற்பேட்டையில் கார்மென்ட்ஸ் வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் ஓடி நீங்கள் பார்த்ததே இல்லை. கோடு போட்டு முடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்விடுவீர்கள். வேலை இருக்கு கண்ணு என்பீர்கள். நானும் நம்பினேன். போன வருஷம் படுக்கையில் இருந்தபோது திடீரென்று, "அந்த கோமதி நல்லா இருக்காளா?" என்று கேட்டீர்களே. நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு மாத்திரையை எடுக்கப் போய்விட்டேன். அப்பா, அப்போது பேச வந்தீர்களா? நான் உட்கார்ந்திருந்தால் சொல்லியிருப்பீர்களா?

பாடத்தில் இன்னொன்றும் வந்தது. ரோட்ஸ் தீவிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைச் சிறுவர்களோடு மல்யுத்தம் செய்ய நடுவர்கள் விடவில்லையாம். அவன் பெரியவர்கள் பிரிவில் இறங்கி அங்கேயே ஜெயித்துவிட்டான். இதைப் படித்துவிட்டு அழுதேன். என் வயதுக்காரிகளோடு ஓடியிருந்தால் நானும் ஜெயித்திருப்பேனோ என்னவோ. உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது அப்பா. பாசம் குறையவில்லை, ஆனால் கோபமும் இருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கோமதி வீட்டுக்குப் போனேன். காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் எப்போதாவது பார்த்துக்கொள்வோம், வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. டீ போட்டுக் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நீ எனக்கு அக்காவா?" என்றாள் முதலில்.

பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். "கடைசி ரவுண்டுல நான்தான் விட்டுட்டேன்னு இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன் ஸ்டெல்லா. எங்கம்மா சாகிற வரைக்கும் அதையேதான் சொல்லிக் காட்டுச்சு. என் பொண்ணுகிட்ட நானே சொல்லியிருக்கேன், அம்மாவுக்கு மூச்சு பத்தலைன்னு."

மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். உங்கள் படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பந்தயக் கோப்பையைக் கொண்டுவந்து தரட்டுமா என்றேன். வேண்டாம், தூசி துடைக்க ஆள் இல்லை என்றாள். விடைபெறும்போது வாசல்வரை வந்தாள்.

"அப்ப நான்தானே ஃபர்ஸ்ட்டு?"

"ஆமா கோமதி. நீதான்."

"அதை எங்கயாவது எழுதிப் போடு. என் பேரு போட்டு எழுது."

அதனால்தான் இந்தக் கடிதம். செத்தவரை ஏன் இழுக்கிறாய், கோயிலில் எல்லாரும் என்ன நினைப்பார்கள் என்று அண்ணன் சண்டை போட்டான்.  கடைசியில் அம்மாதான், போடு, அவரே போட்டிருக்க வேண்டியது என்றார். எங்கள் தலைமை ஆசிரியையிடமும் சொல்லி, வயதைத் திருத்த மனு கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷம் முன்னதாகவே ஓய்வு பெற்று வீட்டில் உட்கார வேண்டியிருக்கும், அதைவிடப் பெரிதாகவும் வரலாம். வருவது வரட்டும்.

உங்கள் பெயருக்கு இது இழுக்குதான் அப்பா. தெரிந்தே செய்கிறேன். குனிந்து குனிந்து கோடு போட்டு முதுகு வளைந்த மனிதர், மகளுக்காக ஒரு நாள் பொய் சொன்னார். அந்த ஒரு நாளுக்காகவே அப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தார். இதைப் படிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே நினைக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். இனி யார் கேட்டாலும் எந்த மேடையிலும் அந்தப் பந்தயத்தின் முடிவை இப்படித்தான் சொல்வேன்: முதல் இடம், ஜீவனஹள்ளி கோமதி. நீங்கள் இனி ஷெட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டாம்.

அன்று பதினைந்து வயதான,
உங்கள் மகள்
ஸ்டெல்லா